முடிவும் முடிவுரையும்

ஒரு பிழைதிருத்தத்தோடு தொடங்க வேண்டியிருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' பற்றிப் பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் எழுதினேன். ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகர'த்தில் வந்தியத்தேவன் கொலைப் பழியிலிருந்து எப்படி விடுபடுகிறான் என்பதற்குக் கல்கி காரணமே தரவில்லை என்றும், பெரிய பழுவேட்டரையர் மாதிரி ஒரு பாத்திரத்தைக் கண்ணுக்கு மறைவாகச் சாகவிட்டுவிட்டார் என்றும் அதில் சொல்லியிருந்தேன். வாராவாரம் எழுதுகிறவனுக்கு வரும் மறதி என்று ஒரு விளக்கமும் தந்தேன். அது முழுத் தவறு. பெரிய பழுவேட்டரையர் சபையில் வந்து நின்று பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதும், தன் வாளாலேயே தன்னை முடித்துக்கொள்வதும் விரிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. கல்கியின் உரைநடை எட்டக்கூடிய உயரத்தை அங்கே எட்டியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். நான்தான் அதைப் படித்திருக்கவில்லை.

படிக்காததற்குக் காரணம் அற்பமானது. எங்கள் வீட்டில் இருந்தது பைண்டுப் பிரதி. 1950 அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து 1954 மே வரை, ஏறக்குறைய மூன்றரை வருஷம் 'கல்கி'யில் வந்த தொடர்கதையை அப்பா வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, திண்டுக்கல்லில் ஒரு பைண்டரிடம் கொடுத்து ஐந்து வால்யூம்களாகக் கட்டிவைத்திருந்தார். மணியத்தின் சித்திரங்கள், ஓரத்தில் தைல விளம்பரம், சோப்பு விளம்பரம், கடைசி வால்யூமில் கரையான் அரித்த ஒரு மூலை. அந்த வால்யூமில் சில இதழ்கள் இல்லை. பக்க எண்கள் இதழுக்கு இதழ் மாறுவதால் இல்லாதது தெரியவும் இல்லை. யாரோ இரவல் வாங்கித் திருப்பித் தராத வாரங்களாக இருக்கலாம், பைண்டரின் மேஜையிலிருந்து நழுவியவையாகவும் இருக்கலாம். கதாசிரியரின் ஓட்டை என்று நான் இத்தனை வருஷம் நம்பிவந்தது எங்கள் வீட்டு அலமாரியின் ஓட்டை.

இன்னொரு பிரதியைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நூலகத்தில் இருந்தது. கல்கியின் நூல்கள் அரசுடைமை ஆனபிறகு, மலிவுப் பதிப்பாகப் பஸ் நிலையக் கடைகளில்கூடத் தொங்கியது. ஆனால் எங்கள் வட்டத்தில் அந்தப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் தெருவில் நடக்கமாட்டோம். 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பாவும், 'மணிக்கொடி' பி.எஸ். ராமையாவும் வத்தலகுண்டுக்காரர்கள், திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஊர்ப் பெருமையை நாங்கள் எங்கள் பெருமையாகவே நினைத்துக்கொண்டோம். தொடர்கதை என்பது இலக்கியத்தின் எதிரி என்பது எங்களுக்குச் சித்தாந்தம். அதே வத்தலகுண்டின் ராஜமையர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேகசிந்தாமணி'யில் தொடராக வந்ததுதான் என்பதை வசதியாக மறந்துவிட்டோம். கல்கியை எல்லோரும் சின்ன வயசில் படித்திருந்தோம், பிறகு படிக்காதவர்கள் மாதிரிப் பேசினோம். மறுத்துப் பேசுவதற்காகக்கூடத் திரும்பப் படிக்கவில்லை. விமர்சனத்தில் இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

என் கட்டுரை வந்தபோது ஒருவர் மட்டும் மறுத்தார். நல்லாம்பட்டிப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர், எங்கள் கூட்டத்தில் எதுவும் எழுதாதவர். "அண்ணே, அந்த இடம் இருக்கு. நீங்க படிக்கலை" என்றார். அடுத்த இதழில், இல்லாத அத்தியாயங்களைக் கற்பனை செய்து படிக்கும் பாமர வாசகர்களைப் பற்றி ஒரு வரி எழுதினேன். பெயர் போடவில்லை; அவருக்குப் புரியும், ஊரில் நாலு பேருக்குப் புரியும். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. கல்கியைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

2023 ஏப்ரலில் மணிரத்னத்தின் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. இருவரும் சேர்ந்து போனோம், கூட ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவரும் வந்தார். படம் விட்டு மலைக்கோட்டை அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது விவாதம் ஆரம்பித்தது. ஊர் முழுக்க அந்த வாரம் இதுவேதான் நடந்தது: நாவலில் இப்படி இல்லை, அவளை ஏன் எடுத்துவிட்டார்கள், இவன் எப்படி அங்கே வந்தான். இது நமக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் முடிந்தபோது, கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கும் மேல் கையெழுத்துப் போட்டார்கள். வருஷக்கணக்காகக் கூட வாழ்ந்த கதை முடியும்போது, முடிந்துவிட்டதே என்ற துக்கத்தை வாசகன் முடிவில் உள்ள பிழைகள்மேல் ஏற்றிவிடுகிறான். இப்படி ஏற்றியவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர்கள் கேட்கும் சில கேள்விகள் நாம் கேட்டிருக்க வேண்டியவை.

பட்டறைக்காரரின் கேள்வி தொழில் சம்பந்தப்பட்டது. தஞ்சாவூர்ப் பாதாளச் சிறை. நாணய அச்சுச் சாலைக்குள்ளே, கூண்டுப் புலிகளைத் தாண்டி இருக்கிறது. அதற்குள் வேண்டியவர்கள் எல்லோரும் போகிறார்கள், வேண்டியபோது வருகிறார்கள். அடுத்த அறையில் உள்ள பைத்தியக்காரனுக்குத்தான் ராஜ்யத்தின் அத்தனை ரகசியமும் தெரிந்திருக்கிறது. "சோழன் திண்டுக்கல்லுல ரெண்டு பூட்டு வாங்கியிருந்தா கதை மூணாம் பாகத்துலேயே முடிஞ்சிருக்கும்" என்றார். சிறையில் பக்கத்து அறைக் கைதி ரகசியம் சொல்வது 1844-ல் தூமா 'மாண்டி கிறிஸ்டோ'வில் கையாண்ட உத்தி. அவரும் பத்திரிகைத் தொடராகத்தான் எழுதினார். இது சில்லறை ஓட்டை. வாரம் தவறாமல் வண்டி ஓட வேண்டியவர்கள் எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள். இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. "அப்படி இல்லண்ணே. சாவி நுழையிற ஓட்டை வேற, துரு தின்ன ஓட்டை வேற. ரெண்டும் ஓட்டைதான். எது எதுன்னு சொல்லணும்ல?"

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நாவலின் மிகப் பிரசித்தமான ஓட்டை இதுதான். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது, இளவரசன் செத்துக் கிடக்கிறான். வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தன் கையால் நடந்தது என்கிறார். நந்தினியின் கை இருக்கிறது, ரவிதாசன் கூட்டம் இருக்கிறது, சாகத் துடித்துக்கொண்டிருந்த கரிகாலனின் மனமே இருக்கிறது. கொன்றவன் இன்னான் என்று கதை கடைசிவரை அடித்துச் சொல்வதில்லை. நண்பர்கள் பலர் இதை ஏமாற்று என்கிறார்கள். சரித்திர ஆசிரியர் உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துவைத்தார். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரம் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியவர்களைப் பெயர் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் சொத்துக்களைப் பற்றிய ஏற்பாட்டைக் குறிக்கிறது. அவர்கள் பாமர ஆட்கள் அல்ல, பிரம்மாதிராஜன் என்ற பட்டம் பெற்ற அதிகாரிகள். கல்லில் பெயர் இருக்கும்போது கல்கி ஏன் மழுப்ப வேண்டும் என்பது அவர் வாதம்.

எனக்கு இது சாவி நுழையும் ஓட்டை என்று படுகிறது. கல்கி அந்தப் பெயர்களை அறிந்தவர். ரவிதாசனும் சோமன் சாம்பவனும் கல்லிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான். கல்வெட்டு யார் என்று சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. கொலை நடந்து ஏறத்தாழப் பதினாறு வருஷம் கழித்து, நடுவில் உத்தம சோழனின் ஆட்சி முழுதும் கடந்தபின், ஏன் அப்போது நடவடிக்கை என்பதையும் சொல்வதில்லை. அந்த மௌனத்தைக் கல்கி நிரப்பவில்லை. அதைச் சுற்றி வாக்குமூலங்களை எழுப்பினார். கொன்றேன் என்று சொல்ல ஆட்கள் மிகுதி, கொன்றவன் மட்டும் தெரியாது. ஒருத்தி காதலுக்காகப் பொய் சொல்கிறாள், ஒரு கிழவர் அவமானத்துக்குப் பரிகாரமாகப் பழியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கொலையாளியின் பெயரைச் சொல்லியிருந்தால் இந்த இருவரும் வெறும் பொய்யர்கள் ஆகியிருப்பார்கள். சொல்லாததால் அவர்கள் வாயிலிருந்து வருவது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. ஜனரஞ்சகக் கதை என்று நாம் ஒதுக்கிய ஒன்றில் இப்படி ஒரு நிச்சயமின்மை இயல்பாக உட்கார்ந்திருக்கிறது. இதையே ஒரு ஐரோப்பிய நாவலில் பார்த்திருந்தால் நான் நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

துரு தின்ற ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அதை யாரும் ஓட்டை என்றே நினைப்பதில்லை. நாவலின் சிகரம் என்று கொண்டாடுகிறார்கள். பட்டாபிஷேகம். நாடே அருள்மொழிவர்மன்தான் ராஜா என்று கூவுகிறது. அவன் கிரீடத்தை எடுத்து உத்தம சோழன் தலையில் வைக்கிறான். திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் இதற்கு விதை இருக்கிறது: குடிகள் வேண்டியும், தன் சிற்றப்பன் அரசை விரும்பும்வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அருள்மொழி இருந்ததாக அவை கூறுகின்றன. சிற்றப்பன் விரும்பினான் என்பதுதான் அங்கே முக்கியம். விரும்புகிறவனுக்கு விட்டுக்கொடுத்தான்.

கல்கி என்ன செய்கிறார்? நாலு பாகம் முழுக்க அரசை விரும்பிய ஒரு மதுராந்தகனை நமக்குக் காட்டுகிறார். பலவீனன், சந்தேகி, பிறர் கையில் பொம்மை. கடைசியில், அவன் செம்பியன் மாதேவியின் பிள்ளையே அல்ல, குழந்தையில் மாறிப்போனவன் என்று சொல்லிப் பாண்டிய நாட்டுப் பக்கம் அனுப்பிவிடுகிறார். நிஜப் பிள்ளை சேந்தன் அமுதன். பூத்தொடுத்துச் சிவனுக்குச் சாத்துகிறவன், அரசை விரும்பாதவன், எல்லோருக்கும் நல்லவன். கிரீடம் அவனுக்குப் போகிறது. சரித்திரமும் காப்பாற்றப்பட்டது, ரத்தமும் காப்பாற்றப்பட்டது, வாசகன் மனமும் நோகவில்லை. ஆனால் தியாகம் எங்கே போயிற்று? வேண்டாதவனுக்கு, தகுதியானவனுக்கு, உரியவனுக்குக் கொடுப்பது பங்கீடு. வெறுக்கத்தக்கவன் என்று தெரிந்தும், ராஜ்யத்தில் சண்டை வேண்டாம் என்று அவனுக்கே கொடுத்திருந்தால் அல்லவா அதற்குச் சிகரம் என்று பெயர். தலைப்பு வாக்களித்ததைக் கதை தரவில்லை. குழந்தை மாறிய முடிச்சை எத்தனை முன்கூட்டியே அவர் போட்டுவைத்திருந்தாலும் இந்தக் குறை தீராது. சம்பவங்கள் பொருந்துகின்றன, விலை கொடுக்கப்படவில்லை.

படம் இந்த இடத்தைச் சரிசெய்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை மாறாட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நாம் பார்த்த அதே மதுராந்தகன் தலையில்தான் கிரீடம் ஏறுகிறது. அருள்மொழி கொடுப்பதற்கு அங்கே கனம் வருகிறது. இரண்டு படத்துக்குள் அடக்க வேண்டிய அவசரம், எழுத்தாளனுக்கு இருந்த தயக்கத்தை வெட்டி எறிந்திருக்கிறது. அதே கத்தி மணிமேகலையையும் வெட்டிவிட்டது. அவள் படத்தில் இல்லவே இல்லை.

அன்றைக்கு எங்கள் மூவருக்கும் பிடித்த இடம் எது என்ற பேச்சு வந்தது. சரித்திர ஆசிரியருக்குப் பட்டாபிஷேகம். பட்டறைக்காரருக்குப் பூங்குழலி: சிங்காசனத்துக்குக் கனவு கண்ட ஓடக்காரப் பெண், அதெல்லாம் வேண்டாம் என்று பூக்கட்டுகிறவனைக் கட்டிக்கொண்ட பிறகு ராணி ஆகிவிடுகிறாள். அந்தக் கேலி அவருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு மணிமேகலைதான். ராஜ்யம் பங்கு பிரித்தாயிற்று, கல்யாணங்கள் நிச்சயமாயின, பரிசுகள் வழங்கியாயிற்று. அதற்கெல்லாம் பிறகு, கடைசி அத்தியாயத்தில், சித்தம் கலங்கிய அந்தப் பெண் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். ஓடிவந்த கதை ஒரு சிற்றரசனின் மகளிடம், அவள் சாவில், நிற்கிறது. எந்தச் சிங்காசனமும் அவளால் மாறவில்லை. அவள் சொன்ன பொய்கூட யாரையும் காப்பாற்றவில்லை. சதிகளின் கூட்டல் கழித்தல் முடிந்தபின் எந்தக் கணக்கிலும் சேராமல் மிஞ்சிய மீதி அவள். பட்டாபிஷேகத்தோடு முடித்திருக்கக்கூடிய ஒருவர், தன் லட்சக்கணக்கான வாசகர்களை இந்த மீதியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். அந்தக் கடைசி வாரத்தில் கல்கி எழுத்தாளர். இதைச் சொல்ல எனக்கு எழுபது வயசாக வேண்டியிருந்தது.

ஆனால் அவர் மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். முடிவு அவசரமாக இருக்கிறது, இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று வாசகர்கள் எழுதிக் கேட்டதும் ஒரு முடிவுரை எழுதினார். சமூக நாவலை ஒரு கல்யாணத்தோடு முடித்துவிடலாம், சரித்திரக் கதை அப்படி முடியாது, அதன் மனிதர்கள் பின்னும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள் என்ற வாதம் சரியானது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டவர்களுக்குப் பட்டியலாகப் பதில் தருகிறார். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் குந்தவை என்று தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறதே, அதைப் படித்தவன் தெரிந்துகொள்கிறான். நாவலாசிரியர் கையெழுத்து எதற்கு? மணிமேகலையின் சாவின் சூடு ஆறுவதற்குள் கல்யாண விசாரணைக்குப் பதில் சொல்ல உட்கார்ந்துவிட்டார். 1861-ல் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவை, அச்சேறும் முன்பே, லிட்டன் என்ற நண்பரின் பேச்சைக் கேட்டு மாற்றி எழுதினார். அது ஒருவகைப் பலவீனம். கல்கி முடிவை மாற்றவில்லை, அந்த மட்டில் உறுதிதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து சமாதானம் சொன்னார். மீதிக் கதையை வேண்டுகிறவர்கள் எழுதலாம் என்ற பெருந்தன்மையும் அதில் இருந்தது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதியது அந்த வழியில்தான். அதே 1954 டிசம்பரில் கல்கி இறந்துபோனார்.

முடிவுரை எழுதியவர் வாசகர் கேட்காத ஒன்றைப் பற்றி யோசித்திருக்கலாம். பட்டறைக்காரர் கடைசியாகச் சொன்னது அதுதான். நாங்கள் நிற்கிற இடம் சோழநாடு இல்லை. வைகையும் மதுரையும் கூப்பிடு தூரம், சிறுமலை எதிரே நிற்கிறது. இது பாண்டியனின் பக்கம். கதை முழுவதையும் இயக்குவது அறுக்கப்பட்ட ஒரு பாண்டியனின் தலை. காயம்பட்டுக் கிடந்தவனுக்காக ஒரு பெண் கெஞ்சியும், வெட்டப்பட்ட தலை. சோழன் தலைகொண்டவன் என்று அந்த வீரபாண்டியனும் ஒரு காலத்தில் கல்வெட்டில் போட்டுக்கொண்டவன்தான். தலை கொள்வதில் இரண்டு பக்கமும் சளைத்ததில்லை. நாவலில் வீரபாண்டியன் நந்தினிக்குக் காதலனா, தகப்பனா என்பதுகூட ஒரு நிலையில் நிற்பதில்லை. பாகத்துக்குப் பாகம் அவள் துக்கத்தின் பெயர் மாறுகிறது. "கரிகாலனைக் கொன்னது யாருன்னு எழுபது வருஷமா கேக்குறோம். அந்தத் தலைக்கு அழுதது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை. அழுதவ பொல்லாதவளா ஆயிட்டா" என்றார். நந்தினிக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்கள்கூட அவள் தண்டனை அடைந்தாளா என்றுதான் கேட்டார்களோ என்று எனக்கு அப்போது தோன்றியது. மணிமேகலையிடம் நின்று நிதானித்த அந்தக் கை, நந்தினியிடம் ஒரு அத்தியாயம் நின்றிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லாமல் போயிருக்கும்.

மறுநாள் அவர் வீட்டுக்கு வந்து நூலகப் பிரதியின் ஐந்தாம் பாகத்தை மேஜைமேல் வைத்தார். பெரிய பழுவேட்டரையர் சபைக்கு வரும் இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவே படித்தேன்.

அப்பாவின் ஐந்தாவது வால்யூமைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். இதழ்கள் விட்டுப்போன இடத்தில் தையல் இறுக்கமாக இருக்கிறது. தெரிந்தே கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், அந்த வாரங்களை அவர் சுடச்சுடப் படித்தவர், விட்டுப்போனதை மனசில் வைத்திருந்தவர். எனக்குத்தான் காகிதத்தில் இருந்தது மட்டும் கதையாக இருந்தது. அச்சில் சொன்ன பொய்யை அச்சிலேயே திரும்பப் பெற வேண்டும் என்பதால் இதை எழுதினேன். அந்தப் பாமர வாசகர் வரியையும் சேர்த்துத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.